ஒரே மணிக்கட்டுக்கு மூன்று கணக்கா?

கேள்வி:

என் வயது 44. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். 2020-இல் இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் எழுந்தால் கையை மடக்கவே முடியாமல் போனது. ரத்தம் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் வலி போய்விட்டதால் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரையை விட்டுவிட்டேன். மறுபடி வீக்கம் வரவே திரும்ப ஆரம்பித்து, இப்போது தவறாமல் சாப்பிடுகிறேன்.

மற்ற மூட்டெல்லாம் நன்றாக இருக்கிறது. வலது மணிக்கட்டில் மட்டும் வீக்கம் முழுசாக வடியவில்லை. போன மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘லார்சன் கிரேடு 2’ என்று போட்டிருக்கிறது. எலும்பு டாக்டர், 2021-இல் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது டைப் 3. எலும்பு இடம் நகர ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படலாம்” என்றார். வாதநோய் டாக்டரோ ஸ்கோர் போட்டுப் பார்த்து, “2.6-க்குக் கீழே வந்துவிட்டீர்கள், நோய் அடங்கியிருக்கிறது” என்கிறார். ஒரே கைக்கு ஏன் ஆளுக்கொரு கணக்கு? யார் சொல்வதை நம்புவது? நோய் ஏறுகிறதா நிற்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. பத்து நாளாக வலது கைச் சுண்டுவிரலை முழுசாக நீட்ட முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை. ஆர்டர் அதிகம் என்பதால் கை அசந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

நீங்கள் கடைசியாக, போகிறபோக்கில் எழுதியிருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு மூலமாகத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். சுண்டுவிரல் நீளாமல் போனது களைப்பு அல்ல. இந்த வாரத்துக்குள் ஒரு கை அறுவை நிபுணர் அந்த விரலைப் பார்த்தாக வேண்டும்.

காரணம் இது. உங்கள் வலது கையைக் குப்புற வைத்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொட்டுப் பாருங்கள். உருண்டையாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் தலை அது. முடக்குவாதம் அங்குள்ள இணைப்பு நார்களைத் தளர்த்திவிட்டால், அந்தத் தலை புறங்கைப் பக்கமாக மேலே எழும்பும். விரலால் அழுத்தினால் ஹார்மோனியக் கட்டைபோல உள்ளே போய், விட்டதும் மேலே வரும். சுண்டுவிரலை நீட்டும் தசைநாண் சரியாக அந்த இடத்தின் மேல்தான் ஓடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். கத்தரி பிடிக்கும்போதும் துணியைத் தள்ளும்போதும் நாண் அதன்மேல் உரசி உரசி இழைந்து, ஒருநாள் சத்தமில்லாமல் அறுந்துவிடும். பெரும்பாலும் வலிப்பதில்லை, அதனாலேயே பலர் வாரக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. 1948-இல் வான்-ஜாக்ஸன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இப்படி அறுந்த இருவரைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறோம். சுண்டுவிரலோடு நின்றுவிடும் என்று நம்ப முடியாது. கவனிக்காமல் விட்டால் அடுத்து மோதிரவிரல், அதற்கடுத்து நடுவிரல் என்று அதே விளிம்பில் ஒவ்வொன்றாக அறுபடும். ஒரு நாண் அறுந்த நிலையில் செய்யும் அறுவைக்குக் கிடைக்கும் பலன், மூன்று அறுந்த பிறகு கிடைப்பதில்லை.

உங்களுக்கு அறுந்துதான் இருக்கிறது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. விரல் அடியிலுள்ள முட்டியிலிருந்து நாண் பக்கவாட்டில் வழுக்கியிருந்தாலும் இப்படித் தெரியும். முழங்கைக்குக் கீழே நரம்பு நசுங்கியிருந்தாலும் விரல் தூக்காது. டாக்டர் உங்கள் கையைத் தளரவிடச் சொல்லி மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்குவார். நாண் அறுபடாமல் இருந்தால் விரல் தானாக நிமிரும்; அறுந்திருந்தால் தொங்கியபடி இருக்கும். அரை நிமிடச் சோதனை. அதுவரை கத்தரியைத் தொடாதீர்கள். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை போட்டு அசையாமல் வையுங்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவிலோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி. மூன்று பேர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. மூவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை அளந்திருக்கிறார்கள். வாதநோய் டாக்டர் அளந்தது இன்று உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை. எக்ஸ்ரே ரிப்போர்ட் சொல்வது இதுவரை எலும்பில் எவ்வளவு சேதம் ஆகியிருக்கிறது என்பதை. எலும்பு டாக்டர் பார்த்தது அந்தச் சேதம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்பதை. என்னைக் கேட்டால் உங்கள் கைக்கு இப்போது மிக முக்கியமானது மூன்றாவதுதான். நம் ஊரில் பலரும் கேட்காமலே விட்டுவிடுவதும் அதைத்தான்.

ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குகிறேன். லார்சன் தம் சகாக்களுடன் 1977-இல் வெளியிட்ட முறை 0 முதல் 5 வரை எண் கொடுக்கிறது. மாதிரி எக்ஸ்ரே படங்களின் வரிசை ஒன்று உண்டு. உங்கள் படத்தை அவற்றோடு ஒப்பிட்டு, எதற்குப் பக்கத்தில் வருகிறதோ அந்த எண்ணைப் போடுவார்கள். மூட்டைச் சுற்றி வீக்கம், எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து தெரிவது, இடைவெளி லேசாகக் குறைவது ஆகியவை 1. அரிப்பு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தால் 2. அங்கிருந்து சேதம் கூடிக்கொண்டே போய், மூட்டின் வடிவமே அழிந்துவிட்டால் 5. உங்கள் 2-க்கு அர்த்தம், அரிப்பு ஆரம்பித்துவிட்டது, ஆனால் மூட்டுப் பரப்பு பெருமளவு மிச்சம் இருக்கிறது என்பது. பயப்படும் எண்ணும் இல்லை, நிம்மதியாக இருந்துவிடும் எண்ணும் இல்லை.

இந்த முறையின் குறை, மணிக்கட்டு முழுவதையும் ஒரே மூட்டாகக் கருதுவது. உண்மையில் அங்கே எட்டு சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. மேலே முன்கையின் இரண்டு எலும்புகள், கீழே உள்ளங்கையின் ஐந்து எலும்புகள். முடக்குவாதம் எல்லா இடத்தையும் ஒன்றாகத் தாக்குவதில்லை. அல்னாவின் நுனி, இரு முன்கை எலும்புகளும் சேரும் இடம், கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பின் இடுப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் மூட்டின் உட்புறச் சவ்வு முதலில் தடித்து அரிக்கத் தொடங்கும். இணைப்பு நார்கள் எலும்பை ஒட்டிப் போகும் மடிப்புகள் அவை.

மருந்து ஆராய்ச்சிகளில் இன்னும் நுணுக்கமாக எண்ணுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஷார்ப் 1971-இல் தொடங்கிவைத்து, நெதர்லாந்தின் வான் டெர் ஹைடே 1989-இல் திருத்திய முறை அது. இரு கைகளிலும் பாதங்களிலும் ஒவ்வொரு இடமாக அரிப்புக்கு ஒரு மதிப்பெண், இடைவெளி குறைந்ததற்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதிகபட்சம் 448 வரை கூட்டுவார்கள். ஒரு கையில் அரிப்புக்குப் பார்க்கும் 16 இடங்களில் 6 மணிக்கட்டைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் வெளிநோயாளர் பிரிவில் யாராலும் இதைப் போட முடியாது. உங்கள் டாக்டர் போடவில்லையே என்று குறைப்படாதீர்கள்.

பழைய சீட்டுகளில் ‘ஸ்டேஜ் 2’, ‘கிளாஸ் 2’ என்று எழுதியிருந்தால் அது ஸ்டைன்பிராக்கர் 1949-இல் தந்த நான்கு படிகள். ஸ்டேஜ் என்பது மூட்டின் நிலை, கிளாஸ் என்பது நீங்கள் எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்பது. இன்றைய கிரேடோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எலும்பு டாக்டர் சொன்ன ‘டைப் 3’ வேறு வகை. சூரிச் நகரின் ஷுல்தெஸ் மருத்துவமனையில் சிம்மனும் ஹூபரும் நோயாளிகளின் படங்களை வருடக்கணக்கில் அடுக்கிப் பார்த்து, 1990-களின் தொடக்கத்தில் ஒன்றைச் சொன்னார்கள். முடக்குவாத மணிக்கட்டுகள் எல்லாம் ஒரே பாதையில் போவதில்லை. சில மணிக்கட்டுகளில் சின்ன எலும்புகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. அசைவு போய்விடும், ஆனால் வலி குறைந்து கை உறுதியாக இருக்கும். அது முதல் வகை. சிலவற்றில் குருத்தெலும்பு தேய்ந்து, வயதானவர்களின் மூட்டுத் தேய்மானம்போல ஆனாலும், எலும்புகள் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. அது இரண்டாவது. மூன்றாவது வகையில்தான் மணிக்கட்டு கலைகிறது. இணைப்பு நார்கள் இற்றுப்போய், எட்டு எலும்புகளும் கூட்டமாகச் சுண்டுவிரல் பக்கமாகவும் உள்ளங்கைப் பக்கமாகவும் சரிகின்றன. அதை ஈடுகட்ட உள்ளங்கை எலும்புகள் கட்டைவிரல் பக்கம் சாய, விரல்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கை கோணல் கோணலாக மடிகிறது. முடக்குவாதக்காரர்களின் விரல்கள் சாய்ந்திருப்பதைப் பார்த்துக் கோளாறு விரலில் இருக்கிறது என்று நினைக்கிறோம். பலருக்கு அதன் வேர் மணிக்கட்டில் இருக்கிறது. இந்த மூன்றாம் வகையையும் இரண்டாகப் பிரித்தார்கள்: நார்கள் மட்டும் தளர்ந்து எலும்பு இன்னும் நன்றாக இருப்பது ஒன்று, எலும்பே கரைந்துபோவது மற்றொன்று.

இப்போது உங்கள் கணக்கு சரியாக வருகிறது, பார்த்தீர்களா? எலும்பில் சேதம் குறைவு, ஆகவே லார்சன் 2. நார்கள் தளர்ந்து எலும்புகள் நகர்கின்றன, ஆகவே டைப் 3. இரண்டும் ஒரே கையில், ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும். அந்த எலும்பு டாக்டரை மெச்சுகிறேன். பழைய படத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. ஒரே ஒரு படத்தைப் பார்த்து வகை சொல்வது பெரும்பாலும் ஊகம்தான்.

நகர்வதை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு டேப்பும் ஸ்கேலும் பழக்கம். எக்ஸ்ரேயில் நடுவிரலின் உள்ளங்கை எலும்பை அடி முதல் தலை வரை அளக்கிறார்கள். 60 மி.மீ. என்று வையுங்கள். பிறகு அந்த எலும்பின் அடியிலிருந்து முன்கை எலும்பின் முனை வரை, அதாவது எட்டு எலும்புகளும் அடுக்கியிருக்கும் உயரத்தை அளக்கிறார்கள். 32 மி.மீ. வந்தால், 32-ஐ 60-ஆல் வகுக்க 0.53. ஆரோக்கியமான கையில் இந்த விகிதம் ஏறக்குறைய 0.54, 0.03 கூடக் குறைய இருக்கலாம் என்று யூம் குழுவினர் 1978-இல் கண்டார்கள். நான்கு வருடம் கழித்து அடுக்கின் உயரம் 28 மி.மீ. ஆகியிருந்தால் விகிதம் 0.47. மணிக்கட்டு குட்டையாகிறது, சரிகிறது என்று பொருள். விகிதமாகப் பார்ப்பதால் ஒரு படம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் எடுக்கப்பட்டிருந்தாலும் கணக்கு கெடாது. பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கும் இதேபோல அளவு இருக்கிறது. நடுவிலுள்ள லூனேட் எலும்பு முன்கை எலும்பின்மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு வெளியே தொங்குகிறது என்று பார்ப்பார்கள்.

இதற்குப் படம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பல ஸ்கேன் சென்டர்களில் கோட்டைவிடுகிறார்கள். ‘மணிக்கட்டு எக்ஸ்ரே’ என்று எழுதினால் உள்ளங்கை எலும்பின் பாதியோடு படத்தை வெட்டிவிடுகிறார்கள். பிறகு எதை வைத்து வகுப்பது? கையைத் திருப்பி வைத்தாலும் இறுக்கிப் பிடித்தாலும் அல்னாவின் நீளமே மாறித் தெரியும். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, உள்ளங்கையைத் தட்டையாகப் பதித்து எடுக்க வேண்டும். விரல் நுனிவரை இரண்டு கைகளும் வேண்டும். அடுத்த முறை போன படத்தையும் கையோடு கொண்டுபோய், “இதே மாதிரி எடுங்கள்” என்று சொல்லுங்கள். படங்களைத் தேதி எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். போனில் எடுத்த போட்டோவை வைத்து அரிப்பைப் பார்க்க முடியாது; ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும்.

அறுவை மருத்துவர்களுக்குப் பயன்படும் இன்னொரு வரிசை, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையிலிருந்து 1989-இல் வந்தது. நான்கு படிகள். அதன் சாரம், முன்கை எலும்போடு சேரும் மேல் மூட்டு கெட்டாலும், சின்ன எலும்புகளின் இரு வரிசைகளுக்கு நடுவிலுள்ள மூட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. நடு மூட்டு நன்றாக இருந்தால் லூனேட்டை மட்டும் முன்கை எலும்போடு ஒட்டவைத்துச் சரிவைத் தடுக்கலாம். அசைவில் ஒரு பகுதி மிஞ்சும். நடு மூட்டும் போய்விட்டால் மணிக்கட்டு முழுவதையும் ஒட்டவைப்பது அல்லது செயற்கை மூட்டு. டைப் 3 என்றதும் உங்கள் டாக்டர் ஆபரேஷனைப் பற்றிப் பேசியது இதனால்தான். சரியும் மணிக்கட்டில் சிறிய அறுவையால் காப்பாற்றக்கூடிய காலம் ஒன்று இருக்கிறது, அது கடந்துவிடக் கூடாது.

வாதநோய் டாக்டர் போட்ட ஸ்கோருக்கு வருகிறேன். டி.ஏ.எஸ். 28 என்பது அதன் பெயர். 28 மூட்டுகளில் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். எவ்வளவு, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே 100-க்குப் போடும் மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வரும் எண். 5.1-க்கு மேல் தீவிரம், 2.6-க்குக் கீழே அடங்கிய நிலை. மிகப் பயனுள்ள அளவு. இதை இலக்காக வைத்து மருந்தைக் கூட்டிக் குறைத்துத்தான் இன்றைக்கு லட்சக்கணக்கானோரின் கைகள் முடங்காமல் இருக்கின்றன. ஆனால் 28-இல் உங்கள் வலது மணிக்கட்டு ஒன்றே ஒன்று. அது மட்டும் வீங்கி, அது மட்டும் வலித்து, ஈ.எஸ்.ஆர். 10 ஆக இருந்து, உடம்பு நிலைக்கு நீங்கள் 10 போட்டால், கணக்கு 2.59 வரும். அடங்கிய நிலைதான்! 27 மூட்டுகள் நன்றாக இருப்பது, கெட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை மறைத்துவிடும். ஆகவே ஸ்கோர் நன்றாக இருந்தும் ஒரு மணிக்கட்டு வீங்கியே இருந்தால், டாக்டரிடம் அந்த ஒரு மூட்டைக் காட்டித் தனியாகக் கேட்கலாம். அவர் வருத்தப்பட மாட்டார்.

அங்கே உதவுவது அல்ட்ராசவுண்ட். சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது, அதில் ரத்த ஓட்டம் எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3 வரை எண் போடுவார்கள். பவர் டாப்ளர் என்ற அமைப்பில் சவ்வுக்குள் சிவப்புப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அழற்சி இன்னும் ஓயவில்லை என்று பொருள்; மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டும். டாப்ளரில் ஒன்றும் இல்லாமல் எலும்பு மட்டும் நகர்ந்தால், நெருப்பு அணைந்த பிறகும் தளர்ந்த நார்களால் நடக்கும் சரிவு அது. மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை, அறுவை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ. இன்னும் முன்கூட்டியே சொல்லும்: எலும்பின் உள்ளே நீர்கோத்தது தெரிந்தால், பின்னாளில் அந்த இடம் அரிக்கப்பட வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் எல்லா முறையும் ஸ்கேன் தேவையில்லை. நார்வேயில் நடந்த ஆர்க்டிக் என்ற ஆய்வு, 2016-இல் வெளிவந்தது, ஒவ்வொரு வருகையிலும் அல்ட்ராசவுண்ட் பார்த்து மருந்து கொடுப்பதால், கவனமாகக் கையால் பார்த்து மருந்து கொடுப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று காட்டியது. சந்தேகம் இருக்கும் மூட்டுக்குத்தான் ஸ்கேன். உங்களுடையது அப்படிப்பட்ட மூட்டு.

வீட்டில் நீங்களே கவனிக்கக்கூடியவை சில உண்டு. காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று காலண்டரில் குறியுங்கள். உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்; சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதும், சில்லறை வாங்கக் கையை நீட்டும்போதும் இது தெரியும். அல்னா மூட்டு கெடும்போது முதலில் குறைவது இந்தத் திருப்பம்தான். மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் ஒரே வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் குப்புற வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு துருத்துவதும் விரல் சாய்வதும் நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். கைப்பிடி வலு பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி 20 வரை காற்றடித்துப் பிசையச் சொல்லி, முள் எதுவரை ஏறுகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே குறித்துத் தருவார். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் சொல்லுங்கள். வீங்கிய சவ்வு அங்குள்ள நரம்பை நசுக்கும். கட்டைவிரல் நுனியை மடக்க முடியாமல் போனாலும் உடனே வர வேண்டும், உள்ளங்கைப் பக்க நாணும் ஸ்கேஃபாய்டில் உரசி அறுபடுவதுண்டு.

வலியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரைகளில் பல நேரம் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருக்கும். வீக்கம் வடியும், வலி மறையும், அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஒரு வருடம் மருந்தை விட்ட காலத்தில் வலி இல்லாமலே சில நார்கள் தளர்ந்திருக்கக்கூடும். அதற்காக இப்போது மனதை வருத்திக்கொண்டு பயனில்லை. வலி போனதும் மாத்திரையை நிறுத்துவது நம்மிடம் மிகச் சாதாரணம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. இனி விடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள்தான், தெரியாமல் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகப் போனவர்கள் உண்டு; கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள். சொன்னபடி ஃபோலிக் அமிலமும், ரத்தப் பரிசோதனையும் வேண்டும். டாப்ளரில் அழற்சி தெரிந்து அடுத்த மருந்துக்குப் போவதானால், அதிலும் ஊசி மருந்துகளுக்குப் போவதானால், அதற்குமுன் காசநோய் உறங்கிக்கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் இதைத் தாண்டிப் போகவே கூடாது.

தையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கவலை இருக்கிறது. சுண்டுவிரலைப் பார்த்து முடிவு சொல்லும்வரை வெட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். பிறகு, விரல் நாண்கள் பத்திரம் என்று தெரிந்தால், கைக்கான பயிற்சிகளைப் பழகிக்கொள்ளலாம். பிரிட்டனில் சாரா என்ற ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முடக்குவாதம் உள்ளவர்கள் முறைப்படி நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகள் செய்தபோது கையின் செயல்திறன் கூடியது, நோய் அதனால் மோசமாகவில்லை. வேலை நேரத்தில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட், விரிந்த நிலைக்குத் தானே திரும்பும் ஸ்பிரிங் கத்தரி, துணியை இழுக்காமல் தள்ளிவைக்கும்படி மேஜை உயரம், இவற்றையெல்லாம் தொழில்வழிச் சிகிச்சையாளர் உங்கள் மிஷினைப் பார்த்தே சொல்லித்தருவார்.

நாண் அறுந்திருப்பது உறுதியானால் அறுந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. முனைகள் நைந்து விலகியிருக்கும். சுண்டுவிரல் நாணைப் பக்கத்து விரல் நாணோடு இணைப்பார்கள், அல்லது ஆள்காட்டி விரலுக்கு இருக்கும் இரண்டு நீட்டு நாண்களில் ஒன்றை எடுத்து மாற்றிக் கட்டுவார்கள். அதோடு உரசிய அல்னாவின் முனையையும் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் புதிய நாணும் அறுபடும். மணிக்கட்டு சரிவதை நிறுத்தும் வேலையையும் அதே அறுவையில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். வாதநோய் டாக்டரும் அறுவை மருத்துவரும் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ளட்டும். இரண்டு படங்களையும் இருவரும் பார்க்க வேண்டும்.

அறுவைக்காக மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டியதில்லை என்பதே இன்றைய பொதுவான வழிகாட்டல், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஊசி மருந்து ஏதாவது தொடங்கியிருந்தால் அதை எப்போது தள்ளிப்போடுவது என்று டாக்டர் சொல்வார். மயக்க மருந்து கொடுப்பவரிடம் முடக்குவாதம் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவிலும் இதே நார்த் தளர்ச்சி வரக்கூடும் என்பதால், கழுத்தை முன்னும் பின்னும் சாய்த்து ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் ஏற்றுவார்கள்.